கெட்சால் பறவையை வியாசர்பாடி மொட்டை மாடியில் வளர்க்க முடியுமா?

வியாசர்பாடியில் மொட்டை மாடியில் ஹோமர், கர்ணம் புறாக்கள் வளர்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஏதோ வீடியோவில் கெட்சால் என்ற பறவையைப் பார்த்திருக்கிறார். பச்சை உடம்பு, ரத்தச் சிவப்பு வயிறு, முழ நீளத்துக்கும் மேலே தொங்கும் வால். இரண்டு முட்டைதான் இடும், பழம்தான் தின்னும் என்று அதில் சொன்னார்களாம். "இரண்டு முட்டை இடுகிற ஜோடியை வளர்ப்பது எனக்குப் புதிதில்லை. பழத்துக்குக் கோயம்பேடு இருக்கிறது. அது விரும்பித் தின்னும் பட்டர் ஃப்ரூட்கூட இப்போது தள்ளுவண்டியிலேயே கிடைக்கிறது. ஒரு ஜோடி வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? நம்ம ஊரில் வளருமா? பட்டர் ஃப்ரூட்டை என் புறாக்களுக்கும் போட்டுப் பழக்கலாமா?"

முன்பணம் கொடுக்காதீர்கள். வளராது. கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

அந்த ஆள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கெட்சால் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருக்கிறது. உலக அளவில் வணிகத்துக்காக வாங்கவும் விற்கவும் கூடாத உயிரினங்களின் பட்டியல் அது. இந்தியா 1976 முதல் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பிறகு இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்கள் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. வைத்திருப்பவர் கணக்குக் காட்டிப் பதிவு செய்தே ஆக வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் குரங்கும் பாம்பும் அடைத்துக்கொண்டு வந்து மீனம்பாக்கத்தில் மாட்டுகிறவர்களைப் பற்றிச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் உங்கள் பெயர் எதற்கு? என் கணிப்பு, அவரிடம் பறவையே கிடையாது, போட்டோதான் இருக்கும். முனியாக் குருவிக்குச் சாயம் பூசி அபூர்வப் பறவை என்று தலையில் கட்டுவது நம் பறவைச் சந்தைகளில் பழைய வேலை. கெட்சாலுக்கு அந்த மாதிரி சாயம் பூசக்கூட முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் ஹோமர் ஒன்றைக் கையில் எடுத்துக் கழுத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் பச்சை, சற்றுத் திருப்பினால் ஊதா. அங்கே பச்சை நிறமியும் இல்லை, ஊதா நிறமியும் இல்லை. இறகின் மேல்தோல் மிக மெல்லிய படலமாக இருப்பதால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி பிரிந்து நிறமாகத் தெரிகிறது. கெட்சாலின் பச்சையும் இந்த ஜாதிதான், ஆனால் நுணுக்கம் அதிகம். இறகுக்குள் மெலனின் துகள்கள் அடுக்கடுக்காக வரிசைகட்டி நிற்கின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் பச்சைதான் ஓங்கித் தெரியும். வெளிச்சம் விழும் கோணம் மாறினால் பொன் கலந்த பச்சையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ ஆகும். நிழலில் உட்கார்ந்துவிட்டால் மங்கி, கருப்புக்குப் பக்கத்தில் போய்விடும். மூடுபனி சொட்டும் காட்டில் ஈர இலைகளும் அப்படித்தான் மினுக்கும். அதனால் இவ்வளவு பகட்டான பறவை தலைக்கு மேலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் பலர் பார்க்காமல் கடந்துவிடுவார்கள்.

வயிற்றுச் சிவப்பு வேறு கதை. அது உண்மையான நிறமி. கேரட்டிலும் பப்பாளியிலும் இருக்கிற கரோட்டினாய்டு வகை. சாப்பாட்டிலிருந்து உடம்புக்கு வந்து இறகில் ஏறுகிறது. இந்தக் குடும்பத்துப் பறவைகளைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்தால் பச்சை அப்படியே நிற்கும். சிவப்பு மட்டும் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துப்போகும்.

அந்த நீண்ட வால் உண்மையில் வாலே இல்லை. வாலுக்கு மேலே மூடியிருக்கும் போர்வை இறகுகளில் சில நீண்டு போய்த் தொங்குகின்றன. அசல் வால் அதற்கு அடியில் கருப்பும் வெள்ளையுமாகக் குட்டையாக இருக்கிறது. உடம்பு 36 முதல் 40 சென்டிமீட்டர். தொங்கும் இறகு மட்டும் 65 சென்டிமீட்டர் வரைக்கும், சில ஆண்களுக்கு அதற்கு மேலேயும் போகும். எடையோ 200 கிராம் சுற்றுவட்டம், உங்கள் ஹோமரில் பாதி. பெண்ணுக்கு இந்தத் தோகை கிடையாது, நெஞ்சும் சாம்பல் கலந்து மங்கியிருக்கும். ஆண் குஞ்சுக்கு முழுத் தோகை வர ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகும். கிளையிலிருந்து கிளம்பும்போது ஆண் பறவை முன்னால் தாவாமல் பின்பக்கமாகச் சரிந்து விழுந்து பறக்கும். முன்னால் தாவினால் தோகை கிளையில் உரசிப் பிய்ந்துவிடும்.

தெற்கு மெக்சிகோவின் சியாபாஸ் மலைகளில் தொடங்கி, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா வழியாகப் பனாமாவின் மேற்கு மலைகள் வரைதான் இதன் எல்லை. பெரும்பாலும் 1,200 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற மேகக் காடுகள். அங்கே மழை பெய்யாத நாளிலும் மேகம் மரத்துக்குள்ளேயே நுழைந்து இலையில் படிந்து சொட்டிக்கொண்டிருக்கும். மரத்தின் ஒவ்வொரு கிளையிலும் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் அப்பியிருக்கும். குளிர், ஈரம், அரை இருட்டு. இந்த மூன்றில் ஒன்றையாவது மே மாதத்து வியாசர்பாடியில் தேடிப் பாருங்கள்.

குளிரை ஏ.சி. வைத்து உண்டாக்கலாம் என்பீர்கள். சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இந்தப் பறவையின் மொத்தப் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.

பட்டர் ஃப்ரூட் தின்னும் என்று வீடியோவில் சொன்னது பாதி உண்மை. கெட்சால் தின்பது தள்ளுவண்டியில் விற்கிற பட்டர் ஃப்ரூட் அல்ல. அதை எந்தக் கெட்சாலாலும் விழுங்க முடியாது. பட்டர் ஃப்ரூட் மரத்துக்கு அந்த மலைக்காட்டில் நிறையச் சொந்தக்காரர்கள் உண்டு. அவற்றின் காய் பெருநெல்லிக்காய் அளவிலோ அதைவிடச் சிறியதாகவோ இருக்கும். உள்ளே பெரிய கொட்டை, சுற்றி எண்ணெய்ப் பசையான மெல்லிய சதை. உள்ளூரில் அகுவாகாத்தில்லோ என்பார்கள், குட்டி அவகாடோ, அதாவது குட்டி பட்டர் ஃப்ரூட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாவரவியலில் லாரேசி குடும்பம். உங்கள் ஏரியாவில் பிரியாணி தேக்சாவில் விழும் பட்டையும் பிரியாணி இலையும்கூட இதே குடும்பம்தான் என்றால் நம்புவீர்களா?

கோஸ்டாரிகாவின் மான்டேவெர்டேயில் நேதனியல் வீல்ரைட் என்ற ஆய்வாளர் கெட்சால் என்னென்ன தின்கிறது என்று கவனித்து 1983-ல் எழுதினார். குறைந்தது 41 வகைப் பழங்கள். அதில் 18 வகை இந்த லாரேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. மற்ற பழங்களை அவ்வப்போது தின்றாலும், எங்கே தங்குவது, எப்போது கிளம்புவது என்பதை இந்தக் குடும்பத்து மரங்கள் பழுக்கிற கணக்குதான் முடிவு செய்கிறது. இந்தப் பழங்களில் தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் இல்லை, கொழுப்பும் புரதமும் கணிசமாக உண்டு. பறவைக்கு அது முழுச் சாப்பாடு. வாழைப்பழம், பப்பாளி, திராட்சை என்று கோயம்பேட்டில் நீங்கள் வாங்கப்போவதெல்லாம் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்.

அது பழத்தைத் தின்கிற விதமும் தனி. கிளையில் நடந்து போய்க் கொத்தாது. நடக்கவே அதற்குச் சரியாக வராது. கால் சின்னது, பலம் இல்லாதது. உங்கள் புறாவுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கிளிக்கும் மரங்கொத்திக்கும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பின்னால் திரும்பியிருப்பது வெளி விரல். கெட்சாலின் குடும்பத்துக்கும் இரண்டுக்கு இரண்டுதான், ஆனால் பின்னால் திரும்பியிருப்பது உள் விரல். உலகத்தில் வேறு எந்தப் பறவைக் குடும்பத்துக்கும் இந்த அமைப்பு கிடையாது. அதனால் அது தூரத்தில் ஒரு கிளையில் உட்கார்ந்து பழத்தைக் குறிபார்த்து, பறந்து போய், அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பழத்தைப் பறித்துக்கொண்டு திரும்பிவிடும். முழுசாக விழுங்கும். வயிற்றில் சதை கரைந்ததும் கொட்டையை மட்டும் சேதமில்லாமல் வாய் வழியாகக் கக்கும். அதற்குள் அது வேறு மரத்துக்குப் போயிருக்கும். அந்த மரத்தடியில் கொட்டை முளைக்கும்.

இங்கேதான் உங்கள் புறாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம். நீங்கள் கம்பும் சோளமும் பட்டாணியும் போட்டுவிட்டு, கூடவே கிரிட் வைக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கல்துகளை இரைப்பையில் வைத்துக்கொண்டு புறா தானியத்தை மாவாக அரைத்துவிடுகிறது. விதையைப் பொறுத்தவரை புறா வயிற்றுக்குள் போனால் கதை முடிந்தது. கெட்சால் வயிற்றுக்குள் போன விதை இன்னொரு இடத்தில் மரமாகிறது. காட்டு அவகாடோ மரங்களின் கொட்டை பெரியது, சின்னப் பறவைகளால் விழுங்க முடியாது. கெட்சால், டூக்கன், மணிப்பறவை என்று வாய் அகன்ற சில பறவைகளை நம்பித்தான் அந்த மரங்கள் இருக்கின்றன.

ஒரு மலையில் ஒரே இடத்தில் வருஷம் முழுக்க இந்தப் பழம் கிடைக்காது. மான்டேவெர்டேயில் சில பறவைகளுக்கு ரேடியோ கருவி மாட்டிப் பின்தொடர்ந்தபோது, குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் அவை பசிபிக் பக்கச் சரிவில் கீழே இறங்குவதும், சில மாதம் கழித்து மலைமுகட்டைத் தாண்டி அட்லாண்டிக் பக்கச் சரிவுக்குப் போவதும், பிறகு முட்டையிட மேலே திரும்புவதும் தெரிந்தது. மேலே உள்ள காட்டைச் சரணாலயமாக்கி வேலி போட்டுவிட்டு, கீழ்ச் சரிவை மாட்டுப் பண்ணைக்கும் காப்பித் தோட்டத்துக்கும் வெட்டிவிட்டால் பறவைக்கு வருஷத்தில் பாதி நாள் சாப்பாடு இருக்காது. பெரிய காட்டையே சிறையாக மாற்றிவிடலாம் என்றால் மொட்டை மாடிக் கூண்டைப் பற்றி என்ன சொல்ல?

கூண்டில் அடைத்தால் சுதந்திரம் இல்லாமல் மனமுடைந்து செத்துவிடும் என்று குவாத்தமாலாவில் பேச்சுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாவுக்கான காரணங்கள் கொஞ்சம் வறண்டவை. அதில் முக்கியமானது இரும்பு. பழம் தின்னும் சில பறவைகளின் உடம்பு, இரும்புச்சத்து குறைவான சாப்பாட்டுக்குப் பழகியது. கிடைத்ததையெல்லாம் உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். கூண்டில் நாம் போடும் தீவனத்தில் இரும்பு அதிகம். அது கல்லீரலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் பறவை திடீரென்று விழும். ஆரஞ்சு, சாத்துக்குடி போட்டால் இன்னும் மோசம். வைட்டமின் சி இரும்பை மேலும் உறிஞ்ச வைக்கும். கூண்டில் வளர்த்த மலை மைனாக்களும் டூக்கன்களும் இதே நோயில் நிறையச் செத்திருக்கின்றன. அப்புறம் இந்தக் குடும்பத்துப் பறவைகளின் தோல் காகிதம் மாதிரி மெல்லியது, கையில் பிடித்தால் இறகு கொத்தாக உதிரும். ஹோமரை லாகவமாகப் பிடித்துப் பழகிய கைக்குக்கூட இது அடங்காது. இவ்வளவையும் மீறி வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தவர்கள் உண்டு, சியாபாஸில் உள்ள மிருகக்காட்சிசாலையில். அது அந்தப் பறவையின் சொந்த மாநிலம். காடு பக்கத்திலேயே இருக்கிறது.

குஞ்சு பொரிப்பதில் மட்டும் உங்கள் அனுபவம் ஓரளவு பொருந்தும். முட்டை பெரும்பாலும் இரண்டு, இளநீலம். அடை 18 நாள் சுற்றுவட்டம், உங்கள் புறாவுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதானே? புறாவில் பகலில் சேவலும் ராத்திரியில் பெட்டையும் அடையில் உட்காருவது போல இதுவும் முறை போட்டு உட்காரும். ஆண் உள்ளே உட்கார்ந்தால் தோகை பொந்துக்கு வெளியே தொங்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அதைப் பெரணி என்று நினைத்துக்கொள்வார்கள். பொந்துக்குப் பச்சை மரம் ஆகாது. அலகு அவ்வளவு பலமில்லை. இற்றுப்போன பட்டமரத்தில்தான் குடைய முடியும், இல்லாவிட்டால் மரங்கொத்தி விட்டுப்போன பொந்தைப் பெரிதாக்கிக்கொள்ளும். ஆக, விழப்போகும் மரம்தானே என்று காட்டைச் சுத்தம் செய்தாலும் இதன் வீடு போய்விடும். குஞ்சுக்குப் புறாப்பால் மாதிரி எதுவும் கிடையாது. முதல் நாட்களில் பூச்சி, பல்லி, சின்னத் தவளை, பிறகுதான் பழம். பழந்தின்னி என்று பேர் வாங்கிய பறவை குஞ்சுக்கு அசைவம் போட்டு வளர்க்கிறது.

இன்னொரு தொல்லை மலையின் கீழிருந்து வருகிறது. மேகம் முன்பைவிட உயரத்தில் கூடுவதால் மான்டேவெர்டேயில் ஈரமில்லாத நாட்கள் கூடியிருக்கின்றன. அந்தக் காட்டின் தங்கத் தேரையை 1989-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. தாழ்நிலத்தில் இருந்த வானவில் அலகு டூக்கன் இப்போது கெட்சால் வாழும் உயரத்துக்கே ஏறி வந்து பொந்துக்குப் போட்டி போடுகிறது. கெட்சால் இன்னும் மேலே போகலாம். ஆனால் மலைக்கு ஓர் உச்சி உண்டு. இப்போதைக்கு இந்தப் பறவை 'அச்சுறுத்தலுக்கு நெருங்கியது' என்ற பட்டியலில் இருக்கிறது.

அந்த ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய பறவை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மாயர்களும் ஆஸ்டெக்குகளும் அரசர் தலையில் சூட இந்தத் தோகையைத்தான் எடுத்தார்கள். பறவையைக் கொல்லக் கூடாது. பிடித்து, தோகையை எடுத்துவிட்டு, திரும்ப விட்டுவிட வேண்டும். நூற்றுக்கணக்கான கெட்சால் தோகைகள் கோத்த தலைச்சூடி ஒன்று இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெக்சிகோ அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. குவாத்தமாலாவின் கொடியில் இந்தப் பறவை உட்கார்ந்திருக்கிறது. அந்த நாட்டுப் பணத்தின் பெயரே கெட்சால், 1925-லிருந்து.

சரி, வாங்கவும் முடியாது, வளர்க்கவும் முடியாது. பார்க்க ஆசையாக இருக்கிறதே, என்ன செய்வது? கோஸ்டாரிகாவுக்கு டிக்கெட் போடச் சொல்லப்போவதில்லை. கெட்சாலின் குடும்பத்து ஆள் ஒருவர் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கிறார். தீக்காக்கை என்று பேர். ஆணுக்குக் கருந்தலை, நெஞ்சில் வெள்ளைப் பட்டை, கீழே நெருப்பு மாதிரி சிவப்பு. அதே மெல்லிய தோல், அதே உள்விரல் திரும்பிய கால், அதே அசையாமல் உட்காரும் குணம். டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், கேரளாவின் தட்டேக்காடு பக்கம் போனால் பார்க்க வாய்ப்புண்டு. ஆனால் இது பெரும்பாலும் பூச்சி தின்னும். கெட்சால் அங்கே செய்யும் வேலையை, அதாவது பெரிய பழத்தை விழுங்கிக் கொட்டையைச் சுமந்துபோய்க் கக்குவதை, நம் மலையில் செய்வது இருவாச்சி. வால்பாறைப் பக்கம் போனால் பெரிய இருவாச்சியைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அதுவும் மரப்பொந்துப் பறவை, அதுவும் லாரேசி பழத்துக்கு ஆள்.

உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது வேறு ஒன்று, ஏனென்றால் நீங்கள் புறாக்காரர். நீலகிரிக் காட்டுப்புறா. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. உங்கள் ஹோமரைவிடப் பெரியது. முதுகு செம்பழுப்பு, தலை சாம்பல், பின்கழுத்தில் சதுரங்கப் பலகை மாதிரி கருப்பு வெள்ளைக் கட்டம். மாடப்புறாவின் நெருங்கிய உறவுதான், ஆனால் தானியத்துக்குத் தரையிறங்கிக் கூட்டம் போடாது. சோலைக்காட்டின் உயரத்தில் பழம் தேடும். அதிலும் அந்தப் பட்டைக் குடும்பத்துப் பழங்கள் அதற்குப் பிடித்தமானவை. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ்ஸில் கோத்தகிரி. ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு போக வேண்டும். விடிந்ததும் போய், பேசாமல் நின்று மேலே பழுத்திருக்கும் மரத்தைப் பாருங்கள். கனத்த குரலில் 'ஹூ' என்று கேட்கும். உங்கள் காதுக்கு அது புறா என்று உடனே தெரிந்துவிடும். மற்றவர்கள் ஆந்தை என்பார்கள்.

அவ்வளவு தூரம் போக நேரமில்லாவிட்டால் பெரம்பூர், மாதவரம் பக்கம் பழுத்த ஆலமரமோ அரசமரமோ எதன் அடியிலாவது காலையில் நில்லுங்கள். 'டொங்க் டொங்க்' என்று பாத்திரக் கடையில் தட்டுகிற மாதிரிக் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். குருவியைவிடச் சற்றுப் பெரியது, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, தொண்டை மஞ்சள். பழம் தின்கிறது, பட்டுப்போன கிளையில் பொந்து குடைகிறது. நம் ஏரியாவில் பழைய சுவர் விரிசலிலிருந்து எட்டிப் பார்க்கும் அரசங்கன்றுகளில் சிலவற்றை நட்டது இதுதான். மைனாவும் குயிலும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

கடைசிக் கேள்வி, பட்டர் ஃப்ரூட்டைப் புறாவுக்குப் போடலாமா? போடவே கூடாது. பட்டர் ஃப்ரூட்டின் இலையிலும் தோலிலும் கொட்டையிலும் பெர்சின் என்ற நஞ்சு இருக்கிறது, சதையிலும் உண்டு. மனிதனுக்கு ஒன்றும் செய்யாது. கூண்டுப் பறவைகளுக்கு இதயத் தசையைக் கெடுத்து, மூச்சுத் திணற வைத்து, ஓரிரு நாளில் கொன்றுவிடும். லவ் பேர்ட்ஸ், கேனரி, காக்கட்டீல் கிளி எல்லாம் இதனால் செத்தது பதிவாகியிருக்கிறது. கெட்சால் தின்னும் காட்டு மரத்தின் பழம் வேறு, கடையில் விற்பது வேறு. வீட்டில் மில்க் ஷேக் போட்டுவிட்டுத் தோலையும் கொட்டையையும் மாடியில் புறா கொத்துகிற இடத்தில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பு, சோளம், பட்டாணி, கிரிட், நல்ல தண்ணீர். உங்கள் பறவைகளுக்கு அது போதும்.